பொதுத் தொலைபேசியும் பொதுப் பொறுப்பும்

தமிழ்நாட்டின் நடுத்தர நகரங்களில் உள்ள வணிக வளாகம் ஒன்றின் முகப்பைப் பார்த்தாலே, ஒரு கட்டடத்துக்குள் எத்தனை வகைத் தொழில்கள் இயங்குகின்றன என்பது விளங்கும். கீழ்த்தளத்தில் மருத்துவப் பரிசோதனைக் கூடம், முதல் தளத்தில் பட்டயக் கணக்காளர் அலுவலகம், அதற்கு எதிரே வழக்குரைஞர் அறை, மேலே பயண முகவர், கூரியர் நிறுவனம் என்று பெயர்ப்பலகைகள் வரிசையாக நிற்கும். இவர்கள் மின்தூக்கியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆழ்துளைக் கிணறு, ஜெனரேட்டர், இரவுக் காவலாளி என அனைத்தும் பொதுவில் இருக்கின்றன. தொலைபேசி அமைப்பையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் மட்டும் தயக்கம் பிறக்கிறது.

அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு, அறியாமையும் உண்டு. இரண்டையும் பிரித்து அறிவது சிறு தொழில் நடத்துவோருக்குப் பயன் தரும்.

எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கும் காலத்தில் அலுவலகத் தொலைபேசி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கைப்பேசி எண் ஊழியருக்கு உரியது. அலுவலக எண் நிறுவனத்துக்கு உரியது. ஊழியர் வேலையை விட்டுச் செல்லும்போது அவருடைய கைப்பேசியில் பதிந்த வாடிக்கையாளர்களும் அவருடனேயே சென்றுவிடுவதைப் பல சிறு முதலாளிகள் பட்டறிந்திருக்கிறார்கள். ஆகவே நிலையான எண், அழைப்பைப் பிரித்து அனுப்பும் வசதி, பல மேசைகளுக்குக் கிளை இணைப்பு ஆகியவை இன்றும் தேவைப்படுகின்றன. இவற்றைத் தரும் கருவியைத்தான் 'இபிஏபிஎக்ஸ்' என்கிறோம். தொலைபேசி இணைப்பு பெற ஆண்டுக்கணக்கில் காத்திருந்த 1980-களில் இக்கருவியின் அருமை நன்கு தெரிந்திருந்தது. 1984-இல் தொடங்கப்பட்ட 'சி-டாட்' நிறுவனம் உள்நாட்டிலேயே உருவாக்கிய தொடக்ககாலக் கருவிகளுள் இத்தகைய அலுவலக இணைப்பகமும் ஒன்று. இன்று இணையவழி இயங்கும் அமைப்புகள் வந்துவிட்டன. கருவி மாறினாலும் பகிர்வின் பொருளியல் மாறவில்லை.

பகிர்வதால் என்ன லாபம்? இதற்கான விடையை நூறு ஆண்டுகளுக்கு முன்பே டென்மார்க் நாட்டுக் கணிதவியலாளர் ஏ.கே.எர்லாங் கண்டறிந்தார். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய அவர், எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் தடைப்படும் என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். தொலைபேசிப் போக்குவரத்தை அளக்கும் அலகு இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்தச் சூத்திரத்தை நம் வளாகத்துக்குப் பொருத்திப் பார்ப்போம். ஐந்து நிறுவனங்கள் இருப்பதாகக் கொள்வோம். நெரிசல் மிகுந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் மொத்தம் 30 நிமிடங்கள் பேசத் தேவை ஏற்படுகிறது. அழைப்புகள் ஒன்றோடொன்று தொடர்பின்றி வருகின்றன. இணைப்பு கிடைக்காதவர் மீண்டும் முயலாமல் விட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஓர் இணைப்பு வைத்திருந்தால், மூன்று அழைப்புகளில் ஒன்று தடைப்படும். அதே ஐந்து இணைப்புகளையும் பொதுவில் வைத்தால், 100 அழைப்புகளில் ஏறத்தாழ ஏழு மட்டுமே தடைப்படும்.

பகிர விரும்பாமல் ஒவ்வொருவரும் இரண்டு இணைப்புகள் வாங்கினால் என்னவாகும்? மொத்தம் 10 இணைப்புகள். அப்போதும் 100-க்கு ஏறத்தாழ எட்டு அழைப்புகள் தடைப்படும். அதாவது, தனித்தனியாக 10 இணைப்புகளுக்கு வாடகை கட்டிப் பெறும் பயனைவிடச் சற்றே கூடுதலான பயனை, ஐந்து இணைப்புகளைப் பொதுவில் வைத்தே பெற்றுவிடலாம்.

இதில் மாயம் ஏதுமில்லை. ஒருவருக்கு நெரிசல் ஏற்படும்போது மற்றவரின் இணைப்பு சும்மா இருக்கிறது என்பதே காரணம். தொழில்கள் வேறுபட்டால் லாபம் இன்னும் கூடும். பரிசோதனைக் கூடத்துக்குக் காலையில் அழைப்புகள் குவியும். வழக்குரைஞரை நீதிமன்றம் முடிந்த மாலையில்தான் தேடுவார்கள். கணக்காளருக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் மாதங்களில் ஓய்விருக்காது. பயண முகவருக்கோ பள்ளி விடுமுறைக் காலமே உச்சம். எனவே, ஒரே தொழில் செய்யும் ஐவர் பகிர்வதைக் காட்டிலும், வெவ்வேறு தொழில் செய்யும் ஐவர் பகிர்வதே சிறந்தது.

லாபம் இவ்வளவு தெளிவாக இருந்தும் பகிர்வுகள் ஏன் முறிகின்றன? என் முன்னாள் மாணவர் ஒருவர் அலுவலகம் வைத்திருக்கும் வளாகத்தில், தொலைபேசிக் கட்டணச் சச்சரவைத் தீர்த்துவைக்க என்னை அழைத்தார்கள். ஐந்து வாடகைதாரர்களும் கட்டணத்தைச் சமமாகப் பங்கிட்டு வந்தனர். அவர்களுள் ஒருவர் கடன் தவணை வசூலிப்பவர். அவருடைய ஊழியர்கள் மூவர் காலை முழுவதும் பேசிக்கொண்டே இருப்பார்கள். மாதக் கட்டணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, யார் எத்தனை அழைப்பு செய்தார்கள் என்று எண்ணி எண்ணி அவர்கள் வாதிட்டார்கள்.

நான் அவர்களிடம் கேட்டது ஒன்றே: "அழைப்பு கூடினால் பட்டியல் தொகை கூடுகிறதா?" கூடவில்லை. அவர்கள் வாங்கியிருந்தது அளவில்லா அழைப்புத் திட்டம். அப்படியானால் இழப்பு எங்கே நேர்கிறது? காலை எட்டு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தை அழைத்த நோயாளிக்கு இணைப்பு கிடைக்காமல் போனதே, அங்கே நேர்கிறது. அந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் அச்சாவதில்லை. ஒருவரின் பயன்பாடு மற்றவர் மீது சுமத்தும் இத்தகைய செலவைப் பொருளியலில் நெரிசல் செலவு என்கிறோம். விலை சுழியமாக இருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாமல் பெருகுகிறது.

ஜேம்ஸ் புக்கானன் 1965-இல் வெளியிட்ட மன்றங்கள் பற்றிய கோட்பாடு இதைத்தான் விளக்குகிறது. உறுப்பினர் கூடக்கூட ஆளுக்கு ஆகும் செலவு குறைகிறது. கூடவே நெரிசலும் வளர்கிறது. இரண்டும் சமநிலை அடையும் இடத்தில் மன்றத்தின் எல்லையை வகுக்க வேண்டும். எலினார் ஆஸ்ட்ரம் 1990-இல் எழுதிய நூலில், உலகின் பல பகுதிகளில் பொது வளங்களை மக்கள் தாமே காத்துவந்த முறைகளை ஆராய்ந்து பொதுவான நெறிகளைத் தொகுத்தார். அப்பணிக்காக 2009-இல் பொருளியல் நோபல் பரிசும் பெற்றார். நமக்கு இது புதிய செய்தியன்று. ஏரிப் பாசனத்தில் தலைமடைக்காரர் தண்ணீரைத் தேக்கிக்கொண்டால் கடைமடை காயும் என்பதை அறிந்துதான் நம் முன்னோர் முறைவைத்து நீர் பாய்ச்சினார்கள். குடிமராமத்தில் ஆளுக்கொரு பங்கு உழைத்தார்கள்.

அந்த வளாகத்தில் நாங்கள் வகுத்த முறையும் இதை ஒட்டியதே. கருவியின் விலையையும் பராமரிப்பையும் கிளை இணைப்புகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கிட்டோம். இணைப்பு வாடகையை, நெரிசல் நேரத்தில் அவரவர் பேசிய நிமிடங்களின் விகிதத்தில் பிரித்தோம். எந்த நிறுவனமும் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்புகளுக்கு மேல் பயன்படுத்த முடியாதவாறு கருவியிலேயே வரம்பு அமைத்தோம். ஓர் இணைப்பை உள்வரும் அழைப்புகளுக்கென்றே ஒதுக்கினோம். வசூல் நிறுவனத்தார் தம் அழைப்புகளில் பெரும்பகுதியைப் பதினொரு மணிக்குப் பின் தாமாகவே தள்ளிவைத்துக்கொண்டனர். சச்சரவு அறவே ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், அதன்பின் அவர்கள் எதைப் பற்றி வாதிடுகிறோம் என்று தெரிந்து வாதிட்டார்கள்.

செலவுப் பங்கீட்டோடு சிக்கல் முடிந்துவிடுவதில்லை. பகிர்வில் இறங்குவோர் எண்ணிப் பார்க்க வேண்டியவை இன்னும் நான்கு உள்ளன.

முதலாவது, எண் யாருக்குச் சொந்தம் என்பது. இணைப்புகள் பெரும்பாலும் கட்டட உரிமையாளரின் பெயரில் இருக்கும். பத்தாண்டுகள் ஒரே எண்ணைப் பெயர்ப்பலகையிலும் முகவரி அட்டையிலும் அச்சிட்ட ஒருவர், வேறிடம் செல்லும்போது அந்த எண்ணை விட்டுச் செல்ல நேரிடும். 2011 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள எண் மாறாச் சேவை மாற்றம் கைப்பேசிகளுக்கு உரியது; அலுவலகத் தரைவழி எண்ணுக்கு அது துணைவராது. இதை அறிந்த உரிமையாளர் வாடகையை உயர்த்தினால், வாடகைதாரர் மறுத்துப் பேச இயலாது. எனவே, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி நேரடி எண் வேண்டும். காலி செய்த பிறகு குறைந்தது ஆறு மாதங்களுக்குப் பழைய எண்ணுக்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும் என்ற விதியை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

இரண்டாவது, மறைகாப்பு. யார் யாரை எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் பேசினார் என்பதையெல்லாம் இக்கருவி பதிவு செய்யும். நடக்கும் உரையாடலில் குறுக்கிடும் வசதியும் பல கருவிகளில் உண்டு. வழக்குரைஞரின் கட்சிக்காரர் யார், பரிசோதனைக் கூடத்துக்கு யார் பேசினார் என்பது அடுத்த அறைக்காரர் அறிய வேண்டிய செய்தியன்று. கட்டணம் பங்கிட நிமிடங்களின் கூட்டுத்தொகை போதும். எண்களின் பட்டியல் தேவையில்லை. குறுக்கிடும் வசதியை முடக்கிவைக்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, சட்டம். தொலைபேசிச் சேவையைப் பிறருக்கு விற்க அரசின் உரிமம் தேவை என்பது 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள நிலை. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அரசின் அங்கீகாரத்தை வலியுறுத்துகிறது. செலவைப் பகிர்வது வேறு, லாபம் வைத்து விற்பது வேறு. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, அதன் வழியே நிகழும் முறைகேட்டுக்கு முதலில் விளக்கம் கேட்கப்படுபவரும் அவரே. ஆகவே, பகிர்வு ஏற்பாட்டைச் சேவை வழங்குநரிடம் எழுத்துமூலம் தெரிவித்து இசைவு பெற்றுக்கொள்வது இருதரப்புக்கும் காப்பாகும்.

நான்காவதே எல்லாவற்றிலும் முதன்மையானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள மார்ஷல் நகர விடுதி ஒன்றில், 2013 டிசம்பரில் காரி ஹன்ட் என்ற பெண் கத்தியால் குத்தப்பட்டு உயிரிழந்தார். உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் அவசர உதவி எண்ணான 911-ஐ நான்கு முறை அழைத்தாள். அழைப்பு போகவே இல்லை. வெளி இணைப்பு பெற முதலில் மற்றோர் 9-ஐ அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. அப்பெண்ணின் தந்தை மேற்கொண்ட முயற்சியால் 2018-இல் அங்கு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, பல இணைப்புகள் கொண்ட எந்தத் தொலைபேசி அமைப்பிலும் முன்னெண் ஏதுமின்றி 911-ஐ நேரடியாக அழைக்க முடிய வேண்டும். அழைப்பு போன செய்தி வரவேற்பறை போன்ற பொறுப்பான இடத்துக்கும் தெரிய வேண்டும்.

நம் அலுவலகங்களில் பூச்சியத்தையோ ஒன்பதையோ அழுத்திவிட்டுத்தான் வெளியே பேசுகிறோம். மூன்றாம் தளத்தில் தீப்பிடித்தால், அன்று முதன்முதலாக அந்தக் கட்டடத்துக்கு வந்த வாடிக்கையாளர் 112-ஐயோ 101-ஐயோ அழைக்கும்போது என்ன நடக்கும்? இணையவழி அமைப்பாக இருந்தால், அழைப்பு எந்த முகவரியிலிருந்து வந்ததாகக் காட்டும்? வளாகத்திலிருந்தா, வேறு ஊரில் இருக்கும் உரிமையாளரின் அலுவலகத்திலிருந்தா? மின்சாரம் நின்றால் கருவி எத்தனை நிமிடங்கள் இயங்கும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தெரியாமல் ஒரு பொதுத் தொலைபேசி அமைப்பை நடத்துவது அறமாகாது. கருவியைப் பராமரிக்க வருபவரிடம் சொல்லி 112, 108, 101 ஆகிய எண்களுக்கு முன்னெண் தேவையில்லாதவாறு அமைத்துவிட முடியும். ஒவ்வொரு தொலைபேசிக்கு அருகிலும் தளம், அறை எண் எழுதிய ஒட்டுத்தாள் ஒன்றை வைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம்.

தனித்தனியே வாங்கும் வசதியில்லாதவர்கள் சேர்ந்து வாங்கினால் பெரிய நிறுவனங்களுக்கு இணையான சேவையைப் பெற முடியும் என்பதை எர்லாங்கின் கணக்கு காட்டுகிறது. அந்த லாபம் நிலைக்க வேண்டுமானால் விதிகள் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். கணக்கு எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். விலக விரும்புபவர் நட்டமின்றி விலக வழி வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில் இரண்டு பக்க இணைப்பாக இவற்றை எழுதிக் கையெழுத்திடலாம். அதற்கு வளாகத்தின் வாடகைதாரர்கள் ஒரு மாலைப்பொழுது ஒன்றாக அமர்ந்தால் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).