தாராக் குஞ்சு ஆணா, பெண்ணா?

முட்டைக்கென நாம் வளர்த்த ஆறு வெள்ளைத் தாராக்களுள் ஓயாது கத்திய இரண்டினை, மூன்றாம் மாதத்தில், ஆண்களென்றெண்ணி விற்றுவிட்டோம். ஓராண்டு கழிந்தும் எஞ்சிய நான்கும் முட்டையிட்டில. நான்கும் ஆண்களே!

கோழியை அளவுகோலாகக் கொண்டமையே எமது பிழை. கோழியினத்தில் உரத்துக் கூவுவது சேவல். தாராவிலோ உரத்த குரல் பேட்டிற்கே உரியது. முதற் சில வாரங்களில் இருபாலும் ஒருபடித்தாகவே கீச்சிடும். ஏறத்தாழ 8 வாரமானதும் பேடு ‘குவாக், குவாக்’ எனப் பலமாகக் கத்தும். ஆணின் குரல் தொண்டை கட்டியதுபோல் தணிந்து கரகரக்கும். ஆணின் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் எலும்புக் குமிழ் ஒன்றுண்டு, பேட்டிற்கு அஃதில்லை.

ஐயமெனில், குஞ்சைக் காலிற் பற்றாது, இரு கைகளாலும் உடலை அணைத்துத் தூக்குக. அச்சத்தால் அது எழுப்பும் குரல் உண்மையை உணர்த்தும். பின்னர், 4 மாதமளவில், ஆணின் வால்மேல் மேனோக்கிச் சுருண்ட இறகுகள் தோன்றும். வெள்ளைத் தாராவில் இறகின் நிறம் துணைசெய்யாது. முகத்திற் செந்நிறத் தசைத்தடிப்புடைய மஸ்கோவி இனத்திற்கு இவ்விதிகள் பொருந்தா. அவ்வினத்தில் ஆண் பேட்டினும் மிகப் பருத்திருக்கும்.

ஐந்து பேடுகளுக்கு ஓர் ஆண் போதும். ஆதலின் விற்குமுன் சற்றே செவிசாய்ப்பீராக. இரைச்சலிடுவதே முட்டை தருவது.