கேப் எபிக்: எட்டு நாள் சைக்கிள் ரேஸில் அமெச்சூர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் 80 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு, மதியம் பிரியாணி சாப்பிட்டு, சாயங்காலம் வரை தூங்கும் நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அதே 80 கிலோமீட்டரை, மலைப்பாதையில், புழுதியில், மறுநாளும் ஓட்டு, அதற்கு மறுநாளும் ஓட்டு என்று சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஸ்டேஜ் ரேஸ். மவுண்டன் பைக்கில் இந்த வகை ரேஸ்களில் மிகவும் பெயர் பெற்றது தென்னாப்பிரிக்காவின் 'கேப் எபிக்'.

கேப் எபிக் என்றால் என்ன?

வெஸ்டர்ன் கேப் மாகாணத்தில் 2004 முதல் நடக்கும் போட்டி இது. முதல் நாள் ஒரு குறுகிய தொடக்கச் சுற்று, அடுத்த ஏழு நாளும் ஏழு ஸ்டேஜ்கள். சமீப ஆண்டுகளில் மொத்த தூரம் 600 முதல் 700 கிலோமீட்டர். எட்டு நாளில் ஏறும் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் சுமார் 15,000 மீட்டர் வரும். எவரெஸ்ட்டின் உயரமே 8,849 மீட்டர்தான்.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், ரியோ ஒலிம்பிக் சாம்பியன் நீனோ ஷுர்ட்டர் 2017, 2019 ஆண்டுகளில் ஜெயித்த அதே ரேஸில், திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ் போகிறவர்களும் ஓட்டுகிறார்கள். பாதையும் கிட்டத்தட்ட அதேதான்.

மெதுவாக ஓட்டினால் ஈஸிதானே?

அப்படித்தான் தோன்றும். உண்மை நேர்மாறானது. காலை 7 மணிக்குக் கிளம்பும் ஒரு தொழில்முறை வீரர் நாலரை மணி நேரத்தில் ஸ்டேஜை முடித்தால், பதினொன்றரைக்கு டென்ட்டில் இருப்பார். சாப்பாடு, மசாஜ், தூக்கம் என்று மறுநாள் காலை வரை அவருக்கு 19 மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. சைக்கிளைக் கழுவித் தயார்செய்ய மெக்கானிக் இருப்பார்.

அதே ஸ்டேஜை ஒன்பது மணி நேரத்தில் முடிக்கும் அமெச்சூர் மாலை 4 மணிக்குத்தான் வந்து சேர்வார். உச்சி வெயில் முழுக்க அவர் தலையில்தான். மீதி 15 மணி நேரத்தில் குளியல், துணி, சைக்கிள் வேலை, இரவுச் சாப்பாடு எல்லாம் முடித்துத் தூங்கி, விடியும் முன்பே எழ வேண்டும். அதிக நேரம் உழைத்தவருக்குக் குறைந்த ஓய்வு. இந்த இடைவெளி எட்டு நாளும் சேர்ந்துகொண்டே போகும். போதாக்குறைக்கு, ஒவ்வொரு ஸ்டேஜுக்கும் கட்-ஆஃப் நேரம் உண்டு.

ஏன் இரண்டு பேர் அணி?

கேப் எபிக்கில் ஜோடியாகத்தான் ஓட்ட வேண்டும். இருவருக்கும் நடுவே இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் நேர அபராதம். ஆள் நடமாட்டமில்லாத மலைப்பாதையில் ஒருவருக்கு ஒருவர் துணையாக இருப்பது பாதுகாப்பும்கூட. பார்ட்னர் பாதியில் விலகினால் மற்றவர் தனியாகத் தொடரலாம், ஆனால் அணிகளின் தரவரிசையில் இடம் கிடையாது.

ஆக, அணியின் வேகம் என்பது மெதுவாகப் போகிறவரின் வேகம். அனுபவசாலிகள் இதை முன்பே பேசி முடித்துவிடுவார்கள்: நேரம் முக்கியமா, முடிப்பது முக்கியமா? பலசாலி டூல்ஸைச் சுமப்பார், எதிர்காற்றில் முன்னால் போவார். மற்றவர் சோர்வை மறைக்காமல் சொல்லிவிடுவார். ஐந்தாம் நாள் ஏற்றத்தில் நின்று இதைப் பேச ஆரம்பித்தால் சண்டையில்தான் முடியும்!

எவ்வளவு சாப்பிட வேண்டும்?

தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமிக்கப்படும் மாவுச்சத்து சுமார் 400 முதல் 500 கிராம். கடுமையாக ஓட்டினால் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதனால்தான் நீண்ட ரைடில் மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து எடுக்கச் சொல்கிறார்கள். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் இருப்பது சுமார் 25 கிராம். கணக்குப் போட்டால், ஒன்பது மணி நேரமும் வாய் சும்மா இருக்கக் கூடாது.

ஸ்டேஜ் முடிந்தபிறகும் வேலை இருக்கிறது. காலியான கிளைகோஜன் முழுதாக நிரம்ப ஒரு நாள் வரை ஆகும். முடித்த உடனேயே சாப்பிட ஆரம்பிப்பவருக்குத்தான் மறுநாள் கால் வேலை செய்யும். தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம். உப்பும் சேர வேண்டும்.

எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்?

பல சமயம் உட்காரும் இடத்தில்! சீட்டில் உரசி வரும் சின்னப் புண் மூன்றாம் நாள் கொப்புளமாகி, ஐந்தாம் நாள் உட்காரவே விடாது. தினமும் துவைத்த ஷார்ட்ஸ், உரசலைக் குறைக்கும் க்ரீம், முடித்த கையோடு ஈர உடையைக் கழற்றுவது - இவ்வளவுதான் வைத்தியம். செய்யாமல் விட்டால் கால் நன்றாக இருந்தும் ரேஸ் போய்விடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

காய்ச்சல் இருந்தால் ஓட்டவே கூடாது. வைரஸ் தொற்றோடு கடுமையாக உடலை வருத்தினால் இதயத் தசை பாதிக்கப்படலாம். வலியை அமுக்க ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓட்டுவது இன்னொரு ஆபத்து. நீரிழப்பும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பெரிய சுமை. சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அது தசை சிதைவதன் அறிகுறி. "இன்னும் ஒரு நாள்தானே" என்று யோசிக்காமல் மருத்துவக் கூடாரத்துக்குப் போக வேண்டும். மெடல் அடுத்த வருடமும் கிடைக்கும்.

வேலைக்குப் போகிறவர்கள் எப்படித் தயாராவது?

ஸ்டேஜ் ரேஸுக்கான முக்கியப் பாடம் இரண்டாம் நாளில்தான் இருக்கிறது. சனிக்கிழமை நான்கு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மறுபடி மூன்று மணி நேரம் என்று அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். வார நாட்களில் ஒரு மணி நேரம் போதும். ஆனால் தூக்கத்தைத் திருடி ஓட்டினால் பயிற்சி உடம்பில் ஒட்டாது.

இந்தியாவிலேயே ருசி பார்க்க வழி இருக்கிறது. 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் வழியாகப் பல நாட்கள் ஓட்டும் தார்ச்சாலைப் பயணம். ரேஸ் இல்லை, டூர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த டூரில் பெயர் பெற்ற கல்லட்டி ஏற்றத்தின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

பதிவுக் கட்டணம் கட்டும் முன், ஒரு சனிக்கிழமை நன்றாகக் களைக்கும் வரை ஓட்டுங்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு மறுபடி சீட்டில் உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் எல்லோருக்குமே வலிக்கும். அதற்குப் பிறகும் கால் சுற்ற மறுத்தால், முதலில் கவனிக்க வேண்டியது சனிக்கிழமை இரவு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள் என்பதைத்தான்.