நெஞ்சு படபடப்பு: பதற்றமா, இதயமா?

நெஞ்சு வலிக்கிறது என்றால் பல வீடுகளில் முதலில் வருவது சோடாவும் ஓமத் தண்ணீரும்தான். ‘வாயுப் பிடிப்பு, சரியாகிவிடும்’ என்பார்கள். வலி வந்தவர் இளம்பெண் என்றால் ‘டென்ஷன்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால், அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது.

குழப்பம் எங்கிருந்து வருகிறது?

பயம் வந்தால் உடலில் அட்ரினலின் பாய்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, மார்புத் தசைகள் இறுகி வலிக்கின்றன. மூச்சு வேகமாக வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல்களும் உதடும் மரத்துப்போகின்றன, தலை சுற்றுகிறது. இதில் எதுவும் கற்பனை அல்ல. வலிப்பது நிஜமாகவே வலிக்கிறது.

மருத்துவ உலகுக்கும் இது பழைய குழப்பம்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது படபடப்பு, நெஞ்சுவலி என்று வந்த வீரர்களைப் பற்றி ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் விரிவாக எழுதினார். அவர்களில் பலருக்கு இதயத்தின் அமைப்பில் கோளாறு எதுவும் தென்படவில்லை.

எதைக் கவனிக்க வேண்டும்?

பதற்றத் தாக்குதல் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல அடங்கும். வலி குத்துவதுபோல, விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓரிடத்தில் இருக்கும். செத்துவிடுவோம் என்ற பயம் ஆளையே உலுக்கும்.

மாரடைப்பில் மார்பு முழுக்கப் பாரம் அழுத்தும். அது இடது கை, தாடை, முதுகு, மேல்வயிறு என்று பரவலாம். உடல் சில்லென்று வியர்க்கும், குமட்டும். மாடிப்படி ஏறினால் வலித்து, நின்றால் குறைகிறது என்றால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். படபடப்பு ஸ்விட்ச் போட்டதுபோல் தொடங்கி, அதேபோல் சட்டென்று நின்றால் இதயத் துடிப்பின் மின்னோட்டக் கோளாறாக இருக்கலாம். இதைப் பதற்றம் என்று தவறாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது.

ஆனால் இந்த அடையாளங்களை மட்டும் நம்ப முடியாது. சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் சிலருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரும். மூச்சிரைப்பும் இனம்புரியாத அசதியும் மட்டுமே தெரியும். அதனால்தான் சோடாவைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

வலி அடங்கவில்லையா?

சில நிமிடங்களில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

முதல் ஈசிஜி நார்மல் என்றதும் கிளம்பிவிடாதீர்கள். இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதம், பரிசோதனையில் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் காத்திருங்கள்.

இதயத்தில் குறையில்லை என்ற பிறகு

‘ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்க’ என்று அனுப்பினால் சிகிச்சை பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்த தாக்குதல் எப்போது வருமோ என்ற அச்சத்தில் பஸ், லிஃப்ட், கல்யாண வீடு என்று ஒவ்வொன்றாகத் தவிர்த்து முடங்கிப்போனவர்கள் உண்டு. தைராய்டு, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்த பிறகு மனநல மருத்துவரிடம் போவதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பேச்சுச் சிகிச்சையும் மாத்திரைகளும் நன்றாகவே பலன் தருகின்றன. இந்தியாவில் 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம். தாக்குதல் வரும்போது மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். பைக்குள் மூச்சுவிடும் பழைய முறை வேண்டாம். கோளாறு இதயத்திலோ நுரையீரலிலோ இருந்தால் அது ஆபத்து.

பதற்ற நோய் உறுதியானவருக்கும் பின்னாளில் இதய நோய் வரலாம். வலி வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ, நடக்கும்போது வந்தாலோ, மயக்கம் போட்டாலோ பழைய சீட்டைக் காட்டித் திரும்பி வராமல், மறுபடியும் ஈசிஜி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.