ஊரும் காலனியும் – 9: சாவி யார் கையில்?

“இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறாங்க?” விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பேருந்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பேருந்தில் எல்லோரும் தோளோடு தோள் உரசித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கிய பிறகு ஒருவர் ஊருக்குள் நடக்கிறார், இன்னொருவர் காலனிக்கு.

2008இல் ஒபாமா வென்றதும் அமெரிக்காவிலும் இதே பேச்சு எழுந்தது: இனவெறியைக் கடந்துவிட்டோம் என்று. 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்டின் கழுத்தில் காவலரின் முழங்கால் அழுந்தியதை உலகமே பார்த்தது. 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேச வேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. இந்திய அரசு மறுத்தது. சாதியும் இனமும் ஒன்றல்ல என்பது உண்மைதான்; அம்பேத்கரே அப்படித்தான் எழுதினார். ஆனால் பிறப்பைச் சொல்லி ஒரு மனிதரை வாசலில் நிறுத்துவது இரண்டுக்கும் பொது.

வளவனூர் அருகே மேல்பாதியில் அந்த வாசல் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுடையது. இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி இல்லாத கோடை இல்லை. பாரதம் படிப்பதும் கூத்துக் கட்டுவதும் இந்த மண்ணின் மூச்சு. 2023 ஏப்ரல் திருவிழாவில் கோயிலுக்குள் போன தலித் இளைஞர் தாக்கப்பட்டார். அமைதிப் பேச்சுகள் பலிக்கவில்லை. ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்கு சீல் வைத்தார். சட்டம் ஒழுங்கு காக்கப்பட்டது என்றார்கள். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே பூட்டுக்கு வெளியே நின்றார்கள். இதைச் சமத்துவம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1947லேயே கோயில் நுழைவுச் சட்டம் கண்ட மாகாணம் இது. எந்தச் சாதி இந்துவும் உள்ளே போகலாம், தடுப்பவர் தண்டிக்கப்படுவார் என்பதுதான் அந்தச் சட்டம் சொல்வது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மார்ச்சில் பூசைக்கு மட்டும் கோயில் திறந்தது. 2025 ஏப்ரலில்தான், போலீஸ் பாதுகாப்போடு, காலனி மக்கள் அம்மனைப் பார்த்தார்கள்.

மேல்பாதி தனித்த கதை அல்ல. 1978 ஜூலையில் விழுப்புரம் நகரத்திலேயே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2021 மே மாதம் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒட்டனந்தலில், ஊரடங்கில் காலனியில் திருவிழா நடத்தியதற்காக மூன்று தலித் முதியவர்களை ஊர்ப் பஞ்சாயத்தார் காலில் விழ வைத்தார்கள். 2025இல் திண்டிவனம் நகராட்சி அலுவலகத்துக்குள்ளேயே ஒரு தலித் ஊழியர் காலில் விழும் காட்சி வெளிவந்து, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. படித்து, தேர்வெழுதி, அரசு வேலை வாங்கினால் தலை நிமிரலாம் என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

இதே மண்ணில்தான் 1987 செப்டம்பரில் வன்னியர்கள் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறித்தார்கள். 21 உயிர்கள் போயின. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு கிடைத்தது. அது நியாயமான போராட்டம். குடிசையிலிருந்து கல்லூரிக்குப் போக வழியில்லாத வலி என்னவென்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். மேல்பாதியில் காலனியாரைத் தடுத்து நின்றவர்களும் பெரும்பாலும் அந்தச் சமூகத்தினரே என்பது அதனால்தான் நெஞ்சை அறுக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளிடமே இதைப் பேச வேண்டும். பேசினால் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

கோயிலுக்குள் ஒருநாள் நுழைந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. திருவிழாவுக்குக் காலனியில் வரி வாங்குகிறார்களா, ஓர் உபயம் அவர்கள் பெயரில் நடக்கிறதா, விழாக் குழுவில் அவர்களுக்கு இடம் உண்டா, அம்மன் வீதியுலா காலனித் தெருவுக்குள் திரும்புகிறதா? “யாரு சாதி பாக்குறா” என்று கேட்பவர்கள் தங்கள் ஊர்க் கோயிலில் முதலில் இவற்றைக் கேட்டுப் பார்க்கட்டும்.