பேட்டரி புல்வெட்டி: பேட்டரியைத் தேர்ந்தெடுத்தலும் சார்ஜ் செய்தலும்

வரப்புப் புல்லையும், தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் மண்டும் களையையும் வெட்டுவதற்கு ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. பெட்ரோலில் ஓடும் புல்வெட்டி கனமானது, இரைச்சலும் அதிகம். ஆகவே எடை குறைந்த பேட்டரி புல்வெட்டிகளைச் சிறு விவசாயிகளும் வாங்கத் தொடங்கியுள்ளனர். பேட்டரியில் இயங்கும் மருந்துத் தெளிப்பான் பல ஊர்களில் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது.

இவற்றை வாங்கியவர்கள் பலரும் கூறும் குறை ஒன்றுதான்: முதல் வருடம் நன்றாக ஓடியது, மறு வருடம் சார்ஜ் நிற்பதில்லை. மோட்டாரில் கோளாறு இருப்பது அரிது. பேட்டரிதான் செயலிழந்திருக்கும். வேலை செய்ததால் பேட்டரி சீக்கிரம் கெடுவதில்லை. வேலை இல்லாத நாட்களில் அதை வைத்திருந்த விதத்தால்தான் பெரும்பாலும் கெடுகிறது. இயந்திரத்தின் விலையில் கணிசமான பங்கு பேட்டரிக்கே போவதால், இதனைச் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

இரண்டு வகை பேட்டரிகள்

முதல் வகை ஈய-அமில பேட்டரி. மருந்துத் தெளிப்பான்களில் பெரும்பாலும் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் கொண்ட இவ்வகைப் பேட்டரியே பொருத்தப்படுகிறது. எடை சுமார் இரண்டரை கிலோ. 12 வோல்ட் புல்வெட்டிகள் சில இந்தப் பேட்டரியிலேயே ஓடக்கூடியவை. மூடி முத்திரையிட்ட பேட்டரி ஆகையால் இதனைத் திறந்து தண்ணீரோ ஆசிட்டோ ஊற்றக்கூடாது.

இரண்டாம் வகை லித்தியம் பேட்டரி. கையில் பிடிக்கும் புல்வெட்டிகளில் இவ்வகையே அதிகம். எடை குறைவு, அதிக நாள் உழைக்கும், விலை கூடுதல்.

வாங்கும்போதே எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் இரண்டையும் பராமரிக்கும் முறை நேர் எதிரானது. ஈய பேட்டரி காலியாகக் கிடந்தால் கெடும். லித்தியம் பேட்டரி முழு சார்ஜுடன் வெப்பத்தில் கிடந்தால் கெடும்.

எவ்வளவு நேரம் ஓடும்?

வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். பேட்டரியில் அடங்கியுள்ள மொத்த சக்தி இதுவே. 18 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் 72 வாட்-அவர் உள்ளது. மோட்டார் 300 வாட் எடுத்துக்கொண்டால் 72-ஐ 300-ஆல் வகுக்க, சுமார் கால் மணி நேரம் ஓடும். 36 வோல்ட், 4 ஆம்பியர்-அவர் பேட்டரியானால் அரை மணி நேரம் கிடைக்கும்.

ஈய பேட்டரியில் இந்தக் கணக்கு முழுதும் பொருந்தாது. 8 ஆம்பியர்-அவர் என்று குறிப்பிடுவது, 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைக்கும் அளவு. ஒரே மணி நேரத்தில் இழுத்தால் அதில் சுமார் 60 சதமே கிடைக்கும். ஆகவே, மெதுவாக மின்சாரம் எடுக்கும் தெளிப்பானுக்கு ஈய பேட்டரி போதுமானது. அதிக சக்தி இழுக்கும் புல்வெட்டிக்கு லித்தியமே உகந்தது.

நாள் முழுதும் வெட்டலாம் என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். 4 ஆம்பியர்-அவர் பேட்டரியை 2 ஆம்பியர் சார்ஜரில் நிரப்ப இரண்டு மணி நேரத்திற்கு மேலாகும். பெரிய பேட்டரி ஒன்றை விடச் சிறிய பேட்டரி இரண்டு வைத்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக வரப்பை வெட்டுவது நல்லது. ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்று ஆறிவிடும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. 18, 20, 21 வோல்ட் என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தாலும் பேட்டரி பெரும்பாலும் ஒன்றுதான். உள்ளே ஐந்து செல்கள் தொடராக இருக்கும். செல் ஒன்றுக்குச் சராசரி 3.6 வோல்ட் என்று கொண்டால் 18. முழு சார்ஜில் 4.2 வோல்ட் என்று கொண்டால் 21. இந்த எண்ணை நம்பிக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

2. எடையைப் பார்க்க வேண்டும். 18 வோல்ட், 6 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் செல்கள் மட்டுமே 400 கிராமுக்கு மேல் இருக்கும். 300 கிராம் எடையுள்ள பேட்டரியில் 6 ஆம்பியர்-அவர் என்று அச்சிட்டிருந்தால் அது உண்மையாக இருக்க முடியாது.

3. ஈய பேட்டரியில் தயாரித்த மாதத்தைப் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திற்கு மேல் சார்ஜ் செய்யப்படாமல் கடையில் கிடந்த பேட்டரியைத் தவிர்க்கவும். மீட்டர் வைத்துப் பார்த்தால் குறைந்தது 12.5 வோல்ட் காட்ட வேண்டும்.

4. அதே பேட்டரியும் சார்ஜரும் தனியாகக் கிடைக்குமா, அருகிலுள்ள ஊரில் பழுது பார்ப்பார்களா என்று விசாரிப்பது அவசியம். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும்.

ஈய பேட்டரியை சார்ஜ் செய்யும் முறை

இந்த பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் என்னும் உப்பு படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். அப்படியே நாட்கணக்கில் விட்டால் உப்பு கெட்டிப்பட்டுத் தகட்டை மூடிவிடும். பின்பு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் ஏறாது. ஆகவே மருந்து அடித்த அன்றே, ஒரு டாங்க் மட்டும் அடித்திருந்தாலும், சார்ஜில் போட்டுவிட வேண்டும். "இன்னும் பாதி இருக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடுவதே பேட்டரிக்குக் கேடு. மின்சாரச் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு யூனிட் மின்சாரத்தில் 8 ஆம்பியர்-அவர் பேட்டரியை ஏறக்குறைய ஏழு முறை நிரப்பலாம்.

சார்ஜ் செய்யும் மின்னோட்டம், பேட்டரியின் ஆம்பியர்-அவர் அளவில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் நலம். 8 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.8 ஆம்பியர் போதும். முழுதும் காலியானது நிரம்ப 10 முதல் 12 மணி நேரம் ஆகும். சார்ஜரை எடுத்து ஒரு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் 12.7 வோல்ட் இருப்பது முழு சார்ஜ், 12.2 இருந்தால் பாதி, 11.8-க்குக் கீழே போனால் காலி. பம்பின் அழுத்தம் குறையத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தையும் இழுத்துவிடலாம் என்று ஓட்டக்கூடாது.

லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யும் முறை

இதனை ஒவ்வொரு முறையும் முழுதும் காலி செய்யவோ, முழுதும் நிரப்பவோ தேவையில்லை. பாதியில் சார்ஜ் செய்தாலும் கெடாது. இதன் பகை வெப்பம். வெயிலில் புல் வெட்டி முடித்ததும் பேட்டரி சுடும். அந்தச் சூட்டோடு சார்ஜரில் மாட்டக்கூடாது. நிழலில் அரை மணி நேரம் வைத்து, கைக்குச் சூடு தெரியாத நிலையில் சார்ஜ் செய்ய வேண்டும். 45 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சார்ஜ் செய்வது தீங்கு. சார்ஜ் முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஈய பேட்டரியின் சார்ஜரை லித்தியம் பேட்டரிக்கோ, இதனுடையதை அதற்கோ எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக்கூடாது. முள் பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால் பேட்டரி கெடும். லித்தியமானால் தீப்பற்றவும் கூடும்.

வேலை இல்லாத மாதங்களில்

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்தால் தெளிப்பான் பல மாதங்கள் மூலையில் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் தழைத்த புல் கோடையில் காய்ந்துவிடுவதால் புல்வெட்டிக்கும் அப்போது வேலை குறைவு. பேட்டரிகள் சும்மா கிடக்கும் சித்திரை, வைகாசியே வெயில் கடுமையான காலம். பெரும்பாலான பேட்டரிகள் கெடுவது இந்த மாதங்களில்தான்.

ஈய பேட்டரியை முழுதும் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி வைக்க வேண்டும். பின் மாதம் ஒரு முறை தவறாமல் சார்ஜ் செய்ய வேண்டும். அமாவாசை போன்ற ஒரு நாளைக் குறித்துக்கொண்டால் மறக்காது. லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டிற்குள் குளிர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் மீண்டும் பாதி அளவுக்கு ஏற்றினால் போதும். தகரக் கூரை வேய்ந்த பம்பு செட் அறை இரண்டுக்குமே ஏற்ற இடமல்ல. அங்கு மின் அழுத்தமும் ஏறி இறங்கக்கூடும் என்பதால் சார்ஜ் செய்வதையும் வீட்டில் வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு

வைக்கோல், டீசல், பூச்சி மருந்து, உரம் ஆகியவை இருக்கும் இடத்தில் சார்ஜ் செய்யக்கூடாது. ஈய பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம், காற்றோட்டம் தேவை. அருகில் பீடி, விளக்கு கூடாது. உப்பிய, வெடிப்பு விட்ட, தண்ணீரில் மூழ்கிய லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யக்கூடாது. அதனை வீட்டுக்கு வெளியே தனியாக வைத்து, விரைவில் அப்புறப்படுத்த வேண்டும். புல்வெட்டியின் நைலான் கயிற்றையோ பிளேடையோ மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தெளிப்பானில் மருந்து கசிந்து பேட்டரி முனைகள் அரித்திருந்தால், உலர்ந்த துணியால் துடைத்துச் சிறிது வாசலின் தடவலாம்.

செயலிழந்த பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்க முயல்வதும், கிணற்றுமேட்டிலோ குப்பையிலோ எறிவதும் ஆபத்து. ஈயம் மண்ணிலும் நீரிலும் கலந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்திய அரசின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதிய பேட்டரி வாங்கும்போது பழையதைக் கடையில் கொடுத்தால் ஈய பேட்டரிக்கு ஓரளவு விலையும் கிடைக்கும்.

உழவு மாட்டுக்கு வேலை இல்லாத நாளிலும் தீனி வைப்பது விவசாயிக்குப் புதிதல்ல. ஈய பேட்டரியைப் பட்டினி போடாமலும், லித்தியம் பேட்டரியை வெயிலில் கட்டாமலும் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு வருடத்தில் தூக்கி எறியும் பேட்டரி பல பருவங்களுக்கு உழைக்கும்.