நாற்பது நாளும் ஐம்பது நாளும்

"ஈஸ்டர்னா ஒரு நாள் பண்டிகைதானே அக்கா? அதுக்குப் போய் ஒன்றரை மாசமா கறி மீன் இல்லாம இருக்கீங்களே!" என்று எங்கள் தெருவில் தறி போட்டிருக்கிற வீட்டு மருமகள் வருஷா வருஷம் என்னைக் கேட்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் ஸ்டார் தொங்கும், கேக் வரும், ஊருக்கே தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு அந்த ஆர்ப்பாட்டமெல்லாம் கிடையாது. முக்கால்வாசியும் அடுப்படியிலேயே நடந்து முடிந்துவிடுகிற பண்டிகை. அதனால்தான் நம் சகோதரிகளுக்கு எழுதலாமே என்று துணிந்தேன்.

எனக்கு வாழ்க்கைப்பட்ட ஊர் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் நன்றாகவே தெரிந்திருக்கும். ஆரணிப் பட்டு என்று கடையில் வாங்குகிறீர்களே, அதை நெய்கிற வட்டாரம் இது. எங்கள் சபை சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகி உண்டானது. சுதந்திரம் வந்த ஆறாவது வாரம்!

எங்கள் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆரணி, வேலூர் பகுதிகளில் வேலை செய்தது ஆற்காடு மிஷன். ஸ்கடர் சகோதரர்கள் 1853-இல் அமைத்தது. ஒரே ஒரு படுக்கையோடு 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரும் அந்தக் குடும்பம்தான். அந்த அமெரிக்க சபையில் பேராயர் என்ற பதவியே கிடையாது; போதகரும் மூப்பர்களும்தான். 1947-க்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துக் கோயில்களுக்குப் பேராயர் வந்தார். வேலூர் பேராயம் தனியாகப் பிரிந்தது 1976-இல். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013-இல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்துக்கு புஷ்பலலிதா அம்மையாரைப் பேராயராக்கினார்கள். சி.எஸ்.ஐ.யில் முதல் பெண் பேராயர். அன்றைக்கு எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஆளுக்கொரு லட்டு கொடுத்தோம். ஆண்களுக்கும்தான்!

சாம்பல் புதனில் லெந்து காலம் ஆரம்பம். அன்றிலிருந்து ஈஸ்டர் வரை எண்ணினால் 46 நாள் வரும். "நாற்பது என்கிறீர்களே?" என்றால், நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிறு என்றைக்கும் உயிர்த்தெழுந்த நாள், அன்று உபவாசம் கூடாது என்பது பழைய வழக்கம். (எங்கள் வீட்டு ஆண்கள் இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டு, ஞாயிறு மட்டும் மீன் கேட்பார்கள்.) லெந்தில் கல்யாணம் கிடையாது. நகை நட்டு அதிகம் போடமாட்டோம். ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு தூக்கில் போடுவோம். இதற்குக் கைப்பிடி அரிசி காணிக்கை என்று பெயர். சில வீடுகளில் வருஷம் முழுக்க எடுத்து வைப்பார்கள். கூலி நெசவில் வாழ்கிற வீட்டில் காசாகக் கொடு என்றால் கஷ்டம். ஒரு பிடி அரிசி யார் வீட்டிலும் குறைந்துவிடாது. இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தது நிச்சயம் ஒரு பெண்பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும்!

ஈஸ்டர் ஏன் வருஷத்துக்கு வருஷம் தேதி மாறுகிறது என்று பலருக்குத் தெரியாது. மார்ச் 21-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். ஆகவே மார்ச் 22-க்கு முன்னாலும் வராது, ஏப்ரல் 25-ஐத் தாண்டியும் போகாது. நம் பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டித்தானே வருகிறது? 2021-இல் குருத்தோலை ஞாயிறும் பங்குனி உத்திரமும் ஒரே நாள், மார்ச் 28. இந்த வாரத்தில் திருவண்ணாமலை கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. வெளியூரிலிருந்து பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் "பௌர்ணமிக்கு முந்தின நாளே வந்துடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

குருத்தோலை ஞாயிறு பிள்ளைகளின் நாள். தென்னங்குருத்தை வாங்கி வந்து, சனிக்கிழமை ராத்திரி ஈரத்துணியில் சுற்றி வைப்போம். தறிக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு விரல் சும்மா இருக்காது. சிலுவை, கிளி, பந்து என்று பின்னித் தள்ளிவிடுவார்கள். பெரிய வியாழன் சாயங்காலம் திருவிருந்து ஆராதனை.

அடுத்த நாள் பெரிய வெள்ளி. அன்று எங்கள் சபையார் வீட்டில் தறி ஓடாது. பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை கோயிலில் தியானம். இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். நடுநடுவே பாமாலையும் கீர்த்தனையும். பெண்கள் வெள்ளைப் புடவையில் வருவோம். பெரும்பாலோர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் என் மாமியார் கதையைச் சொல்ல வேண்டும்.

அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. ஆனால் பெரிய வெள்ளி உபவாசத்தை மட்டும் விடமாட்டார்கள். "இவனை வயித்துல சுமந்தப்பவும் இருந்தேன், இப்ப ஒரு மாத்திரைக்கு பயந்து விடுவேனா?" என்பார்கள். சபையில் யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அது அவர்கள் வைராக்கியம். 2016-இல் மார்ச் 25-ஆம் தேதி பெரிய வெள்ளி. காலையில் எனக்குத் தெரியாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாம் வார்த்தை நடக்கிறது. தாகத்தைப் பற்றிய வார்த்தை அது. பக்கத்தில் பார்க்கிறேன், ரவிக்கை தொப்பலாக நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. "அத்தே, என்ன பண்ணுது?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்கிறார்கள்.

நல்லவேளை, இரண்டு வரிசை தள்ளி ஒரு நர்ஸ் அம்மா இருந்தார். பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். வெளியே கஞ்சிக்காக வைத்திருந்த சாமானில் சர்க்கரை இருந்தது. நாலு ஸ்பூன் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் அத்தை தெளிந்து, முதலில் கேட்ட கேள்வி: "மூணு மணி ஆச்சா?" ஆகவில்லை என்றதும் அழுதுவிட்டார்கள். மயக்கத்துக்காக இல்லை, உபவாசம் முறிந்ததே என்று.

அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. என் வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தார். எங்கள் ஆயர் ஐயாதான் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "அம்மா, பட்டினி கிடந்தாத்தான் உபவாசம்னு இல்ல. உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது, அதை நாற்பது நாள் விட்டுப் பாருங்களேன்." அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்கள். அடுத்த வருஷ லெந்து முழுக்க ராத்திரி எட்டு மணி டி.வி. சீரியலை விட்டுவிட்டார்கள்! சாப்பாட்டை விடுவதை விட இதுதான் கஷ்டமாக இருந்தது என்று அவர்களே சொல்லிச் சிரித்தார்கள்.

சர்க்கரைக்காரர்கள் வீட்டில் இருந்தால், எந்த மத விரதமானாலும் சரி, சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டும் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருந்தை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். 70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. வேர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், பேச்சுக் குழறல் வரும். உடனே மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கொடுத்து, 15 நிமிஷம் பொறுத்து, தேறாவிட்டால் மறுபடி கொடுக்க வேண்டும். தேறியதும் ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். நாமாக மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் வேண்டாம். லெந்துக்கு முன்பே டாக்டரைக் கேட்டு, வேளை மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் பால் கொடுக்கிறவர்களும் இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மூன்று மணி நேரம் உட்காரவே கூடாது. எங்கள் கோயிலில் இப்போது வாசல் பக்கம் ஒரு பானைத் தண்ணீரும் பாயும் போட்டு வைக்கிறோம். குழந்தைக்காரிகள் எழுந்து போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்ததும் கஞ்சி. 150 பேருக்கு எங்கள் கணக்கு: பச்சரிசி நொய் 10 கிலோ, வறுத்த பாசிப்பருப்பு 2 கிலோ, தேங்காய் 12, உரித்த பூண்டு அரைக் கிலோ, வெந்தயமும் சீரகமும் ஒவ்வொரு கைப்பிடி. தண்ணீர் அரிசியைப் போல் எட்டு ஒன்பது பங்கு. தேங்காய்ப் பாலை இறக்கும்போதுதான் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் திரிந்துபோகும். தொட்டுக்கொள்ளக் கொள்ளுத் துவையல். அரிசியெல்லாம் கைப்பிடித் தூக்கிலிருந்து வருவதுதான். பல வீட்டு அரிசி கலந்து, ஒன்று குழையும் ஒன்று நிற்கும். அதற்காகத்தான் நொய்யாக உடைத்துவிடுகிறோம். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு சொம்பு போகும். கேள்வி கேட்கிற தறிக்காரப் பெண்ணும் "உங்க கஞ்சி மாதிரி எனக்கு வரல அக்கா" என்று சொல்வதுண்டு.

சனிக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, சாமந்தியும் ரோஜாவும் வைப்போம். ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு மெழுகுவர்த்தியோடு அங்கே கூடிப் பாடிவிட்டு, ஊர்வலமாகக் கோயிலுக்கு வருவது எங்கள் சபை வழக்கம். பௌர்ணமி கழிந்த வாரம் என்பதால் அந்த நேரத்தில் வானத்தில் நிலா கட்டாயம் இருக்கும். சின்ன வயசில் இதை ஏதோ அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை 2019 ஆகஸ்டில் தவறிப்போனார்கள். முதல் ஈஸ்டருக்கு அவர்கள் கல்லறையில் பூ வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. 2020-இல் மார்ச் 25-ஆம் தேதியே ஊரடங்கு வந்துவிட்டது. ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில் பூட்டு. கல்லறைத் தோட்டத்துக்கும் போக முடியவில்லை. நாலு மணிக்கு எழுந்து, செல்போனை அரிசி டின்மேல் சாய்த்து வைத்து, நாலு பேரும் பாயில் உட்கார்ந்து ஆராதனை பார்த்தோம். ஜரிகையும் பட்டும் வராமல் தறியெல்லாம் நின்றிருந்த நேரம், தெருவே ஓசையில்லாமல் கிடந்தது. பாட்டு நடுவில் போன் நின்று நின்று வந்தது. என் மகன் எழுந்து போய், அத்தை உட்காருகிற திண்ணை மூலையில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலும் ஒன்று எரிந்தது. அவர்கள் எங்கள் சபைக்காரர்கள் அல்ல.

அடுத்த வருஷம் ஏப்ரல் 4-ஆம் தேதி, முகக்கவசத்தோடு போய் இரண்டு வருஷத்துப் பூவையும் சேர்த்து வைத்தோம்.

ஈஸ்டர் மத்தியானம் எங்கள் பக்கத்தில் மட்டன் பிரியாணி இல்லாமல் நடக்காது. ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு வேறென்ன செய்வது? ஒன்றே ஒன்று: நாற்பது நாள் பருப்பும் கீரையும் சாப்பிட்ட வயிற்றில் ஒரேயடியாகக் கொழுப்பைத் திணித்தால் திங்கட்கிழமை வீடே சோடா கேட்கும். நெய்யைப் பாதியாக்கி, தயிர்ப் பச்சடியைத் தாராளமாக வைப்பேன். ராத்திரிக்கு ரசம் சோறுதான்.

அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாற்பது நாள் துக்கத்துக்கு ஐம்பது நாள் சந்தோஷம் வைத்திருக்கிறார்கள். ஈஸ்டரிலிருந்து நாற்பதாம் நாள், ஒரு வியாழக்கிழமை, பரமேறுதல் திருநாள். ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. அடக்கி வைத்திருந்த கல்யாணங்கள் எல்லாம் இந்த நாட்களில்தான் கிளம்பும். ஞாயிறு தோறும் ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு வாசித்து யாரும் ஆட்சேபிக்காவிட்டால்தான் கல்யாணம். எங்கள் பெண்கள் பலர் முகூர்த்தத்துக்கு வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டுதான் கட்டுவார்கள். தறிக்காரர்களுக்கு வெளிர் நிறம் என்றால் தனிக் கவனம். கை அழுக்கு ஒரு பொட்டு பட்டாலும் புடவை போச்சு. இந்த வருஷம் எங்கள் சபையில் ஓலை வாசித்த ஒரு பெண்ணின் புடவையை நெய்தது, முதலில் சொன்னேனே, அதே கேள்விக்காரப் பெண்ணின் வீட்டுக்காரர். நெய்து முடிக்கும்வரை தறிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை விடவே இல்லையாம்.

மே மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. பத்து நாள், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டரை வரை. பாட்டு, கதை, படம் வரைதல். மதியம் சாப்பாடு போட்டு அனுப்புவது பெண்கள் சங்கத்தின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைக் கஞ்சி போக மீந்த கைப்பிடி அரிசிதான் இதற்கும். போன தடவை எட்டாம் நாளே அரிசி தீர்ந்து கடையில் வாங்க வேண்டியதாகிவிட்டது. அதனால் இந்த வருஷம் தூக்கைக் கொஞ்சம் பெரிசாகப் பார்த்து வாங்கி வைத்திருக்கிறேன்.