வாசலுக்கு முன் குளியலறைக்கு வரும் வெள்ளம்

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அந்த வார இறுதியைப் பற்றி விளக்கவே வேண்டாம். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்த படங்கள் எல்லாருடைய கைப்பேசியிலும் வந்தன. ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது என்றார்கள்.

வானொலியில் பேசுவது என் தொழில். பெருமழை நாட்களில் நேயர்கள் கேட்பது பெரும்பாலும் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்றுதான். கிள்ளானிலிருந்து பேசிய ஒரு பெரியவரின் கேள்வி மட்டும் வேறு மாதிரி. "தண்ணி இன்னும் கேட்டுக்கே வரலம்மா. ஆனா கீழ் பாத்ரூம்ல கறுப்பா ஏறுது. எங்கிருந்து வருது?"

பதில் அவர் வீட்டு மண்ணுக்கடியில் இருக்கிறது. புதிய தாமான்களில் கழிவுநீர் குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும். பழைய வீடுகள், பங்களாக்கள், கம்பத்து வீடுகள் பலவற்றில் இன்னும் செப்டிக் தொட்டிதான். அதில் கனமான கசடு அடியில் தங்கும், எண்ணெய்ப்பசை மேலே மிதக்கும், நடுவிலுள்ள நீர் வெளியேறி பெரும்பாலும் வீட்டோரக் கால்வாயில் கலக்கும். கால்வாய் நிரம்பி அந்த வெளியேறும் குழாயின் மட்டத்தைத் தாண்டினால், நீர் திரும்பித் தொட்டிக்குள் வரும். தொட்டியும் நிரம்பினால் அடுத்த வழி, வீட்டில் மிகத் தாழ்வாக இருக்கும் துவாரம். அது கீழ்மாடிக் குளியலறைதான்.

கிள்ளானுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கிள்ளான் ஆறு கடலில் சேரும் இடம் அருகில் இருப்பதால், கடல் பெருக்கெடுக்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் கால்வாய் நீர் வடிய வழியில்லாமல் நிற்கும். 2007இல் திறந்த 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கப்பாதை கோலாலம்பூர் நகர மையத்தைக் காக்கக் கட்டியது. உங்கள் வீட்டுக் கால்வாய்க்கு அது உதவாது.

கழிவறையில் தண்ணீர் ஊற்றியதும் குபுகுபுவென்று சத்தம் வருகிறதா? மழை நாளில் தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா? அதுதான் முதல் எச்சரிக்கை. உடனே துணி துவைக்கும் இயந்திரத்தை நிறுத்துங்கள், குளியலைத் தள்ளிப்போடுங்கள். வீட்டுக்குள் நாம் ஊற்றும் ஒவ்வொரு வாளியும் அந்த நிரம்பிய தொட்டிக்குத்தான் போகிறது. தடித்த பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பி, இறுகக் கட்டி, கீழ்மாடிக் கழிவறைக் கிண்ணத்திலும் தரைத் துவாரத்தின் மேலும் வைத்தால் ஓரளவு தடுக்கலாம்.

இந்த நேரத்தில் பலருக்கும் தோன்றும் யோசனை ஒன்று உண்டு: லோரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்துவிடலாமே! தயவுசெய்து வேண்டாம். 2 கன மீட்டர் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள மண் முழுக்க நீர் ஊறிவிட்டால், அந்தத் தொட்டியை ஏறக்குறைய 2 டன் விசை மேல்நோக்கித் தள்ளும். உள்ளே நீர் இருக்கும்வரை அந்த எடை தாங்கிப் பிடிக்கும். காலி செய்தால் பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் படகுபோல மேலே கிளம்பி, குழாய்களை முறித்துவிடும். கான்கிரீட் தொட்டியும் விரிசல் விடலாம். வெள்ளம் வடிந்து, மண் இறுகிய பிறகு அழைப்பதே சரி.

காலி செய்ய ஏற்ற நேரம் மழைக்கு முன்பு. 2 ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்கிறது இண்டா வாட்டர். கசடு நிறைந்த தொட்டியில் மழைக்கு இடம் ஏது? அப்படியே பிளம்பரிடம் இன்னும் இரண்டு வேலை சொல்லுங்கள். வெளியேறும் குழாயில், நீர் போகலாம், திரும்ப முடியாது என்ற ஒருவழி வால்வு பொருத்த முடியுமா என்று கேளுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாயைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருந்தால் பிரித்துக் கால்வாயில் விடச் சொல்லுங்கள். இந்தக் குறுக்கு வழி எத்தனை வீடுகளில் இருக்கிறதோ!

வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் வாயுக்கள் ஆளைச் சாய்த்துவிடும். உள்ளே இறங்குவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. கழிவு கலந்த சேற்றைக் கழுவும்போது பூட்ஸும் கையுறையும் கட்டாயம். காலில் சிறு கீறல் போதும், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் தொற்ற. சில நாளில் காய்ச்சல் வந்தால், வெள்ளத்தில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் இருக்கும் இளையவர்களே, உங்களுக்குத் தொட்டி இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிள்ளானிலோ காப்பாரிலோ இருக்கும் அப்பா அம்மா வீட்டில் இருக்கும். அடுத்த ஞாயிறு சாப்பிடப் போகும்போது ஒன்று கேளுங்கள்: "அம்மா, நம்ம தொட்டி மூடி எங்க இருக்கு?" பல வீடுகளில் பின்புறச் சமையலறையை நீட்டிக் கட்டியபோது அது மொசைக்கின் அடியில் போய்விட்டது. அப்படியானால் அக்டோபருக்குள் ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு, திறந்து மூடும்படி வழி வைத்துவிடுங்கள். லோரி வந்து நிற்கும் நாளில் தரையை உடைக்க யாருக்கும் மனம் வராது.